எந்த இரு பாடம்? பி.ஏ. பொதுப் பட்டத்தில் ஒளிந்திருக்கும் கேள்வி

புது தில்லி:

கேந்திரிய வித்யாலயா சங்கதன் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆசிரியர் நியமன அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பதவிக்கான கல்வித் தகுதி ஒரே வரியில் கூறப்பட்டிருந்தது. வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் ஏதேனும் இரண்டைப் பட்டப் படிப்பில் படித்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று கட்டாயமாக வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும் என்பதே அந்த வரி.

படிப்பதற்கு எளிய நிபந்தனைதான். ஆனால், தலைநகரின் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொதுப் பட்ட வகுப்பில் அருகருகே அமர்ந்து படிக்கும் இரு மாணவியரைக் கற்பனை செய்து பார்த்தால் அந்த வரியின் கனம் புரியும். ஒருவர் வரலாற்றையும் அரசியல் அறிவியலையும் எடுத்தவர். மற்றவர் பொருளாதாரத்தையும் அரசியல் அறிவியலையும் எடுத்தவர். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே காலம் படித்து, ஒரே மதிப்பெண் பெற்று, பிறகு பி.எட். படிப்பையும், மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வையும் முடித்துவிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கண்ட பதவிக்கு முதலாமவர் விண்ணப்பிக்கலாம். இரண்டாமவரால் இயலாது.

அவருடைய படிப்பில் குறை ஏதுமில்லை. 17 அல்லது 18 வயதில், சேர்க்கைக்கான இணையப் பக்கத்தில் அவர் தேர்ந்தெடுத்த இரு பாடங்களின் இணைதான் வேறு. அப்போது அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லை.

பல துறைகளையும் ஒருங்கே கற்பிக்கும் பொதுப் பட்டப் படிப்பே எதிர்காலக் கல்வி என்று மத்திய அரசின் கொள்கை கூறிவருகிறது. அந்தப் பட்டத்துக்குள் மாணவர் தமது முதன்மைத் துறையை எப்போது, எப்படி, எதை அறிந்து தேர்ந்தெடுக்கிறார் என்பது மட்டும் இன்னும் போதிய கவனம் பெறாத விஷயமாகவே இருக்கிறது.

"பாஸ் கோர்ஸ்' முதல் "புரோகிராம்' வரை

தமிழகத்தில் பி.ஏ. வரலாறு, பி.ஏ. பொருளாதாரம் என்று பட்டத்தின் பெயரிலேயே பாடம் சேர்ந்து வருவது வழக்கம். ஒரு முதன்மைப் பாடம், அதற்கு உதவியாகத் துணைப் பாடங்கள் என்பதே அங்கு பழகிய ஏற்பாடு. தில்லிப் பல்கலைக்கழகத்திலோ இரு வகையான பி.ஏ. பட்டங்கள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஒரே துறையை ஆழமாகப் படிப்பது "ஹானர்ஸ்'. ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைச் சேர்த்துப் படிப்பது முன்பு "பாஸ் கோர்ஸ்' எனப்பட்டது. ஹானர்ஸ் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்த எண்ணத்தைப் போக்கும் நோக்குடன் 2000களின் நடுப்பகுதியில் அதன் பாடத்திட்டம் திருத்தப்பட்டது, அடித்தளப் பாடங்களும் பயன்பாட்டுப் பாடங்களும் சேர்க்கப்பட்டன, "பி.ஏ. புரோகிராம்' என்று பெயரும் மாறியது. பெயர் மாறினாலும் மதிப்பு உடனே மாறிவிடவில்லை. இருப்பினும், மாணவர் எண்ணிக்கையில் இது சிறிய படிப்பு அன்று. பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் இது உள்ளது. 1962இல் அஞ்சல் வழிக் கல்வி நிலையமாகத் தொடங்கப்பட்டு, இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளி என்ற பெயரில் இயங்கும் அமைப்பிலும் ஏராளமானோர் இப்படிப்பில் சேர்கின்றனர்.

1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பொதுப் பட்டத்தையே தனது இளநிலைக் கல்வியின் அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதன் பழைய பட்டப் படிப்பில் மொத்தம் 96 கிரெடிட். அதில் 24 அடித்தளப் பாடங்களுக்கு உரியவை. எஞ்சியவற்றில் விருப்பப் பாடங்களுக்கே பெரும் பங்கு. விருப்பப் பாடங்களில் பெரும் பகுதியை ஒரே துறையில் எடுத்தவருக்கு அத்துறை "மேஜர்' என்று குறிக்கப்பட்டது. பல துறைகளில் பரவலாக எடுத்தவருக்குப் பட்டம் மட்டும் கிடைத்தது. பின்னர் கொண்டுவரப்பட்ட 132 கிரெடிட் கொண்ட பி.ஏ. பொதுப் பட்டத்தில் இரு துறைகளைத் தேர்ந்தெடுப்பது விதியாயிற்று.

இரு பல்கலைக்கழகங்களின் அனுபவமும் ஒன்றையே காட்டுகிறது. பொதுப் பட்டம் என்பது பாடம் இல்லாத பட்டம் அன்று. அதற்குள் ஒரு முதன்மைத் துறை ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவருக்கு அது பலம். தெரியாமல் தேர்ந்தெடுத்தவருக்குப் பின்னாளில் வியப்பு.

மாறி மாறி வந்த திட்டங்கள்

பட்ட மாணவர் ஒரு துறைக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்பது புதிய சிந்தனை அன்று. சுதந்திரத்துக்குப் பின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), சிறப்புப் பாடத்துடன் பொதுக் கல்வியும் பட்டப் படிப்பில் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. மூன்றாண்டு பட்டப் படிப்பு நாடெங்கும் பரவியது. பொதுக் கல்வி என்ற பகுதியோ பல இடங்களில் ஓரிரு மொழிப் பாடங்களோடு நின்றுவிட்டது.

தில்லியில் அதை மீட்டெடுக்கும் பெரிய முயற்சி 2013இல் நடந்தது. துணைவேந்தர் தினேஷ் சிங் காலத்தில் நான்காண்டு பட்டப் படிப்பு அறிமுகமாயிற்று. ஹானர்ஸ், புரோகிராம் என்ற பிரிவினை அகற்றப்பட்டது. எல்லா மாணவர்களும் 11 அடித்தளப் பாடங்களைப் படிக்க வேண்டும்; முதல் துறை ஒன்று, இரண்டாம் துறை ஒன்று எனத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகளின் முடிவில் வெவ்வேறு சான்றுகளுடன் வெளியேறலாம் என்று விதி வகுக்கப்பட்டது.

அடித்தளப் பாடங்களின் தரம் குறித்தும், போதிய விவாதமின்றித் திட்டம் திணிக்கப்பட்டது குறித்தும் ஆசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். 2014இல் ஆட்சி மாறியது. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவைத் தொடர்ந்து, அந்த ஆண்டு ஜூன் 27ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு மூன்றாண்டு அமைப்புக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. 2015இல் விருப்ப அடிப்படையிலான கிரெடிட் முறை வந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு சக்கரம் மீண்டும் சுழன்றது. 2020 ஜூலை 29ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை, பல்துறை சார்ந்த நான்காண்டுப் பட்டமே விரும்பத்தக்கது என்று அறிவித்தது. கலை, அறிவியல் என்ற இறுக்கமான எல்லைகள் கூடாது என்பதற்குச் சான்றாக, பாணபட்டரின் காதம்பரி குறிப்பிடும் 64 கலைகளை அந்தக் கொள்கை ஆவணம் நினைவூட்டியது. ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமா, மூவாண்டில் பட்டம், நான்காண்டில் ஹானர்ஸ் பட்டம் என்று படிக்கட்டுகள் வகுக்கப்பட்டன.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022ஆம் ஆண்டு சேர்ந்தவர்களே இதன் முதல் அணியினர். அவர்கள் 2025 ஆகஸ்டில் நான்காம் ஆண்டில் நுழைந்தனர். பல துறைகளைப் படித்தவர் இறுதியில் எந்தத் துறையின் பட்டதாரி என்ற கேள்வி அவர்களுக்கு முன்னால் நேரடியாகவே வந்து நின்றது.

22 கிரெடிட்டின் கணக்கு

புதிய முறையில் தில்லி மாணவர் ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட் பெற வேண்டும். மூன்றாண்டுகளுக்கு 132, நான்காண்டுகளுக்கு 176. முதல் பருவத்தின் 22இல் 12 மட்டுமே முதன்மைத் துறைப் பாடங்களுக்கு உரியவை. 4 கிரெடிட் பொது விருப்பப் பாடத்துக்கு. மொழி அல்லது சுற்றுச்சூழல், திறன் மேம்பாடு, மதிப்புக் கூட்டுப் பாடம் ஆகிய மூன்றுக்கும் தலா 2 கிரெடிட். வேத கணிதம், நிதி அறிவு, தூய்மை இந்தியா போன்றவை கடைசி வகையில் அடங்கும்.

ஹானர்ஸ் மாணவருக்கு அந்த 12 கிரெடிட்டும் ஒரே துறைக்கானவை. புரோகிராம் மாணவருக்கு அதே 12, இரு துறைகளுக்கிடையே பிரிகிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்ட ஆவணங்கள் ஒவ்வொரு துறைக்கும் மூன்று வகை மாணவர்களைக் கணக்கில் கொள்கின்றன: அத்துறையில் ஹானர்ஸ் படிப்பவர், அத்துறையை மேஜராகக் கொண்டு புரோகிராம் படிப்பவர், அதை மைனராகக் கொண்டு புரோகிராம் படிப்பவர். ஆகவே "வரலாறும் அரசியல் அறிவியலும்' என்று மட்டும் சொன்னால் போதாது. எது மேஜர், எது மைனர் என்பதும் சேர்ந்தால்தான் மாணவரின் படிப்பு முழுமையாக விளங்கும்.

பருவங்கள் நகர நகர, விருப்பப் பாட இடங்கள் கூடுகின்றன. அந்த இடங்களைத் தம் துறையிலேயே நிரப்புவதா, வேறு துறைகளில் பரப்புவதா என்ற தெரிவு மாணவருக்கு வருகிறது. தில்லி விதிகளின்படி ஹானர்ஸ் மாணவர் ஒருவர் ஒரே வேற்றுத் துறையில் ஏழு பொது விருப்பப் பாடங்களை, அதாவது 28 கிரெடிட்டை, எட்டுப் பருவங்களுக்குள் முடித்தால் அத்துறை அவருக்கு "மைனர்' ஆகிறது. அதே ஏழு பாடங்களை ஏழு துறைகளில் எடுத்தவருக்கு அறிவு விரியலாம். சான்றிதழில் ஒரு துறையும் கூடுவதில்லை. பருவத்துக்குப் பருவம் நண்பர்கள் எடுப்பதையும் கால அட்டவணைக்கு வசதியானதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கை எட்டாம் பருவத்தில்தான் உணர்கின்றனர்.

தேர்வு செய்வது யார்?

காகிதத்தில் தேர்வு மாணவருடையது. நடைமுறையில் அதை முடிவு செய்பவை வேறு சில காரணிகள்.

முதலாவது, சேர்க்கை முறை. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் இளநிலைச் சேர்க்கை நடைபெறுகிறது. தில்லியில் சுமார் 70 கல்லூரிகளில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. பி.ஏ. புரோகிராமில் ஒவ்வொரு பாட இணையும் தனித்தனித் தெரிவு. அத்தகைய இணைகள் நூற்றுக்கும் மேல். மாணவர் கல்லூரியையும் இணையையும் சேர்த்து முன்னுரிமைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். நல்ல கல்லூரியில் பிடிக்காத இணையா, பிடித்த இணையில் எட்டத்திலுள்ள கல்லூரியா என்ற குழப்பத்தில், பல வீடுகளில் கல்லூரியின் பெயரே வெல்கிறது. பாடம் இரண்டாம் இடத்துக்குப் போகிறது.

இரண்டாவது, கல்லூரியின் வசதி. வரலாறும் அரசியல் அறிவியலும் பெரும்பாலான கல்லூரிகளில் உள்ளன. புவியியல், உளவியல், புள்ளியியல், கணினி போன்றவற்றுக்கு ஆய்வகமும் செய்முறை வகுப்பும் வேண்டும். எனவே அவை சில கல்லூரிகளில் மட்டுமே. எந்தத் துறையில் எத்தனை ஆசிரியர்கள் உள்ளனர், கால அட்டவணையில் எந்த இரு வகுப்புகள் மோதாமல் இருக்கும் என்பவையே இணைகளைத் தீர்மானிக்கின்றன. கொள்கையில் எல்லையற்ற தெரிவு. வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு இணைகள்.

மூன்றாவது, காலம். பள்ளியில் உளவியலையோ சமூகவியலையோ படித்திராத மாணவர், அது எப்படிப்பட்ட பாடம் என்று அறியும் முன்பே அதை ஏற்கவோ ஒதுக்கவோ வேண்டியுள்ளது. முதலில் பல துறைகளையும் சுவைத்துப் பார்த்து, பிறகு முதன்மைத் துறையைத் தேர்ந்தெடுப்பதே பல்துறைக் கல்வியின் அடிப்படை. தலைநகரை ஒட்டிய அரியாணா மாநிலம் சோனிபட்டில் 2014இல் தொடங்கப்பட்ட அசோகா பல்கலைக்கழகம் போன்ற தனியார் நிறுவனங்களில் சேரும்போதே மேஜரை அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் அத்தகைய இடங்களில் ஓராண்டுக் கட்டணமே பல லட்சம் ரூபாய். காத்திருந்து தேர்ந்தெடுக்கும் வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அரசுப் பல்கலைக்கழக மாணவருக்கும் அந்த வசதி கிடைக்க வேண்டும் என்பதை யுஜிசி உணராமல் இல்லை. 2022 டிசம்பரில் அது வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, இரண்டாம் பருவ முடிவில் மாணவர் மேஜரை மாற்றக் கோரலாம். அதற்காக அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 10 சதவீத இடங்களைக் கல்வி நிறுவனங்கள் உருவாக்கிக்கொள்ளலாம். முதலாண்டில் நிலுவைப் பாடமின்றி அதிக மதிப்பெண் பெற்றவருக்கே முன்னுரிமை. விதி நன்று. கூடுதல் இடத்தை உருவாக்குவது கட்டாயமன்று என்பதால், அது எந்தக் கல்லூரியில் எந்த அளவு உயிர் பெற்றுள்ளது என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரிப்பது நலம்.

எந்தப் பாடம் எந்த வாசலுக்கு?

பட்டத்துக்குப் பின் எதிர்ப்படும் வாசல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பாடத்தையே கேட்காத வாசல்கள். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். 2013 முதல் அதன் முதன்மைத் தேர்வில் ஒரே ஒரு விருப்பப் பாடம்தான். மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் அதற்கு 500. பொது அறிவுத் தாள்கள் நான்குக்கும் சேர்த்து 1,000. விருப்பப் பாடம் பட்டத்தில் படித்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வடக்கு வளாகத்தை அடுத்துள்ள முகர்ஜி நகர் பயிற்சி மையங்களைக் கருதி, வரலாறு - அரசியல் அறிவியல் இணையைத் தேர்ந்தெடுப்போர் பலர். அதனால் தயாரிப்பு எளிதாகலாம். வேறு இணை எடுத்தவருக்கு அந்தக் கதவு மூடப்படுவதில்லை. மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, மேலாண்மைப் படிப்பு ஆகியவற்றுக்கும் பட்டத்தின் பாடம் தடையன்று.

இரண்டாம் வகை, பாடத்தை எண்ணிப் பார்க்கும் வாசல்கள். மேலே கூறிய பட்டதாரி ஆசிரியர் பதவி இவ்வகை. உரிய பாடங்களிலும் மொத்தத்திலும் குறைந்தது 50 சதவீத மதிப்பெண் வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. இந்திய புள்ளியியல் பணிக்கு இளநிலைப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்விலும் புள்ளியியல் புலனாய்வாளர் போன்ற சில பதவிகளுக்குப் புள்ளியியல் படித்திருப்பது அவசியம். பொதுப் பட்டத்தின் இரு துறைகளில் ஒன்றாகப் புள்ளியியலை எடுத்தவருக்கு, வேறு எவருக்கும் கிடைக்காத சில கதவுகள் திறக்கின்றன என்பதை அறிந்த மாணவர்கள் சிலரே.

மூன்றாம் வகை, பாடத்தின் ஆழத்தைக் கேட்கும் வாசல்கள். இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளாதாரத்திலோ அது சார்ந்த துறையிலோ முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்த முதுநிலை வகுப்பில் கணிதமும் புள்ளியியலும் இன்றி நிலைத்து நிற்பது கடினம். கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டு, பொருளாதாரத்தைப் பொதுப் பட்டத்தின் ஒரு பாதியாக எடுத்தவர், இடைவெளியை நிரப்பத் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். கணிதத்தையே இணைப் பாடமாக எடுத்தவருக்கு அந்தச் சுமை பெருமளவு குறையும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பொதுப் பட்டம் தாழ்ந்தது என்று கருதி, கிடைத்த ஏதேனும் ஒரு ஹானர்ஸில் சேர்வோர் பலர். இரண்டு பாடங்களைக் கேட்கும் ஆசிரியர் பதவிக்கு, ஒரே துறையில் ஹானர்ஸ் படித்தவர் தமது இரண்டாவது பாடத்தை எத்தனை தாள் படித்தார் என்று காட்ட வேண்டிய நிலை வரலாம். இரு துறைகளையும் பட்டத்தின் முதன்மைத் துறைகளாகவே படித்த புரோகிராம் மாணவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. எளிதாக எண்ணப்படும் பட்டம், சரியான இணையோடு அமைந்தால், சில இடங்களில் ஹானர்ஸைவிடப் பொருத்தமான தகுதியாகிறது.

மேலே விரியும் கதவு, கீழே குறுகும் கதவு

உயர் கல்வியின் மேல் தளத்தில் விதிகள் வேகமாகத் தளர்ந்துவருகின்றன. 2024இல் யுஜிசி வெளியிட்ட முதுநிலைக் கட்டமைப்பு, இளநிலையில் மேஜராகவோ மைனராகவோ படித்த துறையில் முதுநிலையில் சேரலாம் என்கிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் வேறு துறையிலும் சேர வழி வைத்துள்ளது. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள், பட்டத்தின் துறை எதுவாயினும், தாம் ஆய்வு செய்ய விரும்பும் துறையில் தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம் என்றும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது.

அதாவது, அரசியல் அறிவியல் படித்தவர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்ல இயலும். ஆனால் பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் படித்தவர் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கும் பதவிக்கு விண்ணப்பிக்க இயலாது. முதலாவது விதியை வகுத்தது யுஜிசி. இரண்டாவதை வகுத்தது மத்தியப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. இரண்டும் ஒரே கல்வி அமைச்சகத்தின் கீழ் வருபவை.

ஆசிரியர் பதவி விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிச் சமூக அறிவியலில் வரலாறும் புவியியலும் பெரும் பகுதி. அவற்றில் ஒன்றையேனும் பட்ட அளவில் அறியாதவர் வகுப்பில் தடுமாறுவார் என்ற கவலை நியாயமானதே. பட்டத்தின் எல்லைகளைத் தளர்த்துவோரும், பதவியின் தகுதியை வரையறுப்போரும் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாததுதான் குறை. பாட இணையைப் பட்டியலிடும் பல்கலைக்கழகம், அந்த இணை எந்தெந்தப் பதவிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அருகிலேயே குறிப்பிட்டால் பல குடும்பங்களின் பிற்காலக் கவலை தீரும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

நாடாளுமன்றத்திலும் கல்விக் கொள்கை பற்றிய கேள்விகள் பெரும்பாலும் மொழி, மாநில உரிமை, நிதி ஒதுக்கீடு, காலிப் பணியிடம் ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டதிலிருந்து தொடரும் முக்கியமான விவாதங்கள் அவை. பட்டத்துக்கும் பதவிக்கும் இடையிலான இந்தச் சிறிய இடைவெளி அந்தப் பெரிய விவாதங்களின் நிழலில் மறைந்துவிடுகிறது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

அமைப்பு மாறும் வரை மாணவரும் பெற்றோரும் தாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

மாணவர் மனத்தில் உள்ள இரண்டு அல்லது மூன்று பணிகளுக்கான அண்மைய நியமன அறிவிப்பைத் தேடி எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை வரிக்கு வரி படிப்பது முதல் வேலை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் விதி வேறுபடும். ஆண்டுக்காண்டு மாறவும் கூடும். "பி.ஏ. படித்தால் போதும்' என்று அக்கம் பக்கத்தில் சொல்லப்படுவதை நம்பி இருந்துவிட முடியாது.

இணையில் ஒன்று விருப்பத்துக்கு, மற்றொன்று வாய்ப்புக்கு என்று அமைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி. எதிர்காலம் இன்னும் தெளிவாகாத மாணவருக்கு, பல கதவுகளைத் திறந்து வைக்கும் பாடம் ஒன்றை இணையில் சேர்ப்பது நல்லது. சமூக அறிவியலில் வரலாறும் புவியியலும், எண் சார்ந்த துறைகளில் கணிதமும் புள்ளியியலும் அத்தகையவை. விருப்பமே இல்லாத பாடத்தை வாய்ப்புக்காக மட்டும் எடுப்பதும் ஆபத்தானதே. உரிய பாடத்தில் 50 சதவீதம் வராவிட்டால் அந்த வாய்ப்பும் பயனற்றுப் போகும்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை மூன்று. இந்த இணையில் எது மேஜர், எது மைனர்? முதலாண்டு முடிவில் மாற்ற வழி உண்டா? இத்துறையின் விருப்பப் பாடங்களை நடத்த ஆசிரியர்கள் இருக்கிறார்களா? மூன்றாவது கேள்வியே முக்கியமானது. பாடத்திட்டத்தில் பத்து விருப்பப் பாடங்கள் அச்சிடப்பட்டிருக்கலாம். கல்லூரியில் நடப்பவை இரண்டாக இருக்கலாம்.

பாதியில் விலக நேரும் மாணவர் தமது கிரெடிட்டுகளைக் கல்விசார் கிரெடிட் வங்கியில் சேமித்துவைக்கலாம். 2021இல் யுஜிசி விதிகளால் அமைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் ஏழு ஆண்டுகள் வரை அவை செல்லும். மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரவும் வழி உண்டு. ஆனால் ஓராண்டுச் சான்றிதழோ, ஈராண்டு டிப்ளமாவோ, பட்டம் கேட்கும் பதவிக்குத் தகுதியாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காம் ஆண்டைத் தொடர்வதா என்ற முடிவும் முதன்மைத் துறையைச் சார்ந்ததே. ஆய்வில் ஈடுபாடுள்ளவருக்கு அந்த ஆண்டு பயனுள்ளது. முதுநிலையை ஓராண்டில் முடிக்கவும் 2024 கட்டமைப்பு வழி செய்கிறது. மூன்றாண்டுப் பட்டம் போதுமான பணியை நாடுபவருக்கு, குறிப்பாகத் தலைநகரில் அறை வாடகை கொடுத்துத் தங்கிப் படிக்கும் வெளி மாநில மாணவருக்கு, அது கூடுதல் ஓராண்டுச் செலவு.

பல துறைகளை அறிந்த பட்டதாரி நாட்டுக்குத் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1949இல் ராதாகிருஷ்ணன் குழு சொன்னதும், 2013இல் தில்லிப் பல்கலைக்கழகம் முயன்றதும், 2020இல் மத்திய அரசு அறிவித்ததும் அடிப்படையில் அதையே. அந்த நோக்கம் நிறைவேற வேண்டுமானால், தேர்வுச் சுதந்திரத்தோடு தேர்வுக்கான தகவலும் மாணவர் கைக்குச் சேர வேண்டும்.

அடுத்த சேர்க்கைப் பருவத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கணினித் திரையில் பாட இணைகளை வரிசைப்படுத்துவார்கள். அவர்களுள் ஆசிரியராக விரும்பும் ஒரு மாணவியாவது, வரலாற்றையோ புவியியலையோ விட்டுவிடும் முன் அந்த ஒற்றை வரி விதியைப் படித்திருக்க வேண்டும். அதைப் படிக்கச் செய்வது பல்கலைக்கழகத்தின் கடமை. அதுவரை அந்தக் கடமை வீட்டிலுள்ள பெரியவர்களுடையது.